போதை நோயும் ஊரவர் கடமையும்



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிற் செட்டிபாளையத்தையும் மாங்காட்டையும் கடந்தால் தேற்றாத்தீவு வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டிற்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் வெற்றிலைக் கொடியும் மரக்கறியும் செழித்து வளர்கின்றன. கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயிலை அறியாதவர் அப்பகுதியில் இலர். ஊரின் பெயரைக் கேட்டதும் தேற்றா மரம் நினைவிற்கு வருகின்றது. கலங்கிய நீர் ஊற்றும் பானையின் உட்புறத்தில் அம்மரத்தின் கொட்டையைத் தேய்த்துவிட்டால் சேறு அடியிற் படிந்து நீர் தெளியும். கலித்தொகை பாடிய புலவருக்கும் இது தெரிந்திருந்தது. ஆனால், கொட்டையைத் தேய்த்த கணத்திலேயே நீர் தெளிந்துவிடுவதில்லை. பானையை ஆட்டாமல் அசைக்காமல் சிறிது பொழுது விட்டுவைத்தல் வேண்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இந்தப் பொறுமை வேண்டியிருக்கிறது.

சாராயமும் கசிப்பும் எழுவான்கரைக்கோ படுவான்கரைக்கோ புதியவை அல்ல. ஹெரோயின் 1980களின் தொடக்கத்தில் இந்நாட்டிற் பரவத் தொடங்கியது. பின்னர் வந்தது, இளைஞர் 'ஐஸ்' என்று பெயர் சொல்லும் மெதம்பெற்றமைன். 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை 2022இல் திருத்தி, அதனையும் கடுந்தண்டனைக்குரிய பொருள்களுள் ஒன்றாக்கினர். சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு வல்லவர் பலர் உளர். நான் பேச விரும்புவது வேலியோரத்தில் விழுந்து கிடப்பவரைப் பற்றியும், சிகிச்சை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வருபவரைப் பற்றியுமே.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வாடகைக்கு இருந்த வீட்டின் அடுத்த வளவில் ஒருவர் விறாந்தையில் மல்லாந்து கிடந்தார். அன்று வழக்கத்திலும் மிகுதியாகக் குடித்திருந்தார். கரகரவென்று குறட்டை ஒலி கேட்டது. "நல்ல உறக்கம், எழுப்ப வேண்டாம்" என்று பேசிக்கொண்டோம். அவ்வாறு சொன்னவருள் நானும் ஒருவன். விடியுமுன் குறட்டை நின்றுவிட்டது.

அது உறக்கத்தின் ஒலி அன்று என்பதைப் பின்னர் ஒரு வைத்தியர் எனக்கு விளக்கினார். மயக்கத்தில் நாக்குத் தளர்ந்து பின்னே சரிந்து மூச்சுக்குழலை அடைக்கின்றது. அல்லது வாந்தி தொண்டையில் தேங்குகின்றது. அடைப்பினூடே காற்றுப் போராடிச் செல்லும் ஒலியைத்தான் நாம் குறட்டை என்கிறோம். ஆகையால், தட்டியும் உரக்கக் கூப்பிட்டும் ஒருவர் விழிக்காவிட்டால் அதனை உறக்கம் என்று எண்ணாதீர்கள். அவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மேலே உள்ள காலை முழங்காலில் மடித்து முன்னே வைத்தால் உடல் புரளாது. முகம் சற்றுக் கீழ்நோக்கியிருந்தால் வாந்தி வெளியே வழிந்துவிடும். இவ்வளவு செய்வதற்கு மருத்துவக் கல்வி வேண்டியதில்லை.

நம்மவர் செய்யும் வேறு சில காரியங்கள் உள. தேசிக்காய் பிழிந்து வாயில் ஊற்றுவர். புளி கரைத்துக் கொடுப்பர். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பர். தலையிற் குடங்குடமாகத் தண்ணீர் வார்ப்பர். அன்பினாற் செய்வதே எனினும், நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது எதுவும் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். வாயில் ஒன்றும் ஊற்றாதிருப்பதே அவருக்கு அப்போது செய்யும் உதவி.

ஹெரோயின் போன்ற அபின் வகைப் பொருள் மிஞ்சிவிட்டால் அடையாளம் வேறு. கண்மணி குண்டூசி முனைபோற் சுருங்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும். மூச்சு நிமிடத்திற்குச் சில தடவையே வரும். பின் அதுவும் நிற்கும். மூச்சு நின்ற அந்நேரத்தில் அருகில் இருப்பவரே காற்றைக் கொடுத்தாக வேண்டும். தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஊத வேண்டும். நாடியும் இல்லையேல் நெஞ்சை அழுத்தும் முதலுதவி வேண்டும். ஐஸ் மிஞ்சியவரோ இதற்கு நேர்மாறாக இருப்பார். உடல் கொதிக்கும்; நெஞ்சு படபடக்கும்; வெறிகொண்டவர்போல் ஓடுவார்; வலிப்பும் வரலாம். அவரைக் கயிற்றாற் கட்டிவைப்பதும் சூழ்ந்து நின்று அதட்டுவதும் ஆபத்தை மிகுவிக்கும். கூட்டத்தை விலக்கி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் அவருக்குப் பழக்கமான ஒருவர் மட்டும் நின்று தணிந்த குரலிற் பேசுதல் நன்று.

எந்த நிலையாயினும் 1990 என்ற இலக்கத்திற்குத் தொலைபேசி எடுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை பின்னர் கிழக்கு உள்ளிட்ட நாடெங்கும் விரிந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. தேற்றாத்தீவிலிருந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை தொலைவிலும் இல்லை. வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "வெயிலில் மயங்கிவிட்டார்" என்று மறைத்தால், அவர் காரணத்தைத் தேடுவதிலேயே பொழுது கழியும். அபின் வகை நஞ்சை முறிப்பதற்கு நலொக்சோன் என்றொரு மருந்து உண்டு. 1960களின் தொடக்கத்திற் கண்டுபிடிக்கப்பட்டு 1971இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஊசியாற் செலுத்திய சில நிமிடங்களில் நின்ற மூச்சைத் திரும்ப வரவழைக்கக்கூடியது. ஆனால் அதன் வலு ஏறத்தாழ அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரையே நிற்கும். மருந்தின் வலு தீர்ந்தபின் நஞ்சு மீண்டும் தலைதூக்கலாம். ஆதலின் கண் விழித்தவுடனே "இனிச் சுகம், வீட்டிற்குப் போவோம்" என்று அழைத்துச் செல்லுதல் கூடாது.

இவையெல்லாம் தெரிந்த பின்னும் தொலைபேசியை எடுக்கக் கை கூசுகின்றது. பொலிசார் வருவரோ என்ற அச்சம் ஒன்று. ஊர் அறிந்துவிடுமே என்ற நாணம் மற்றொன்று. மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த நாணம் எத்துணை வலியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாணத்தைக் குறைப்பது அவ்வீட்டாரால் ஆகாது, அயலவரால் ஆகும்.

இனி, மீண்டு வருபவரைப் பற்றிச் சொல்கிறேன். என் பேச்சின் உட்கிடை இதுவே.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், தாமாக விரும்பி வருவோருக்கும் நீதிமன்றம் அனுப்புவோருக்கும் சிகிச்சை வழங்க வழி செய்தது. வெலிக்கந்தைப் பக்கத்துக் கந்தக்காட்டு நிலையத்திற்குச் சென்று வந்தவர்கள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒருவர் மாதக்கணக்கிற் போதையை விட்டிருக்கும்போது அவர் உடல் அந்த நஞ்சைத் தாங்கும் பழைய வலுவை இழந்துவிடுகின்றது. மனமோ பழைய அளவையே நினைவில் வைத்திருக்கின்றது. முன்பு தினமும் எடுத்த அதே அளவை, திரும்பி வந்த முதல் வாரத்தில் ஒரு முறை எடுத்தாலே உயிர் போகலாம். சிறையிலிருந்தோ சிகிச்சை நிலையத்திலிருந்தோ வெளியேறிய முதற் சில வாரங்களே மிகுந்த ஆபத்துள்ள காலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டலும் கூறுகின்றது. ஊரார் "அவன் திருந்தி வந்துவிட்டான், இனிக் கவலை இல்லை" என்று எண்ணும் அந்நாட்களிலேதான் அவர் சாவிற்கு மிக அருகில் நிற்கிறார்.

அந்நாட்களில் அவரை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மணமான ஆண் மனைவியின் வீட்டில் வாழ்பவன். போதைக்கு அடிமையானவனை மாமனார் வீட்டார் "உன் தாய் வீட்டிற்குப் போ" என்கின்றனர். தாய் வீடோ இப்போது தங்கைக்கு எழுதிய வீடு. அங்கே மச்சான் இருக்கிறார். இரண்டு வளவுகளுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையில், கையிற் பையுடன் நிற்பவனுக்குத் தன்னுடையதென்று சொல்ல ஒரு திண்ணையும் இல்லை. அவனை "வா மச்சான்" என்று முதலில் அழைப்பவன் பழைய கூட்டாளியாகவே இருப்பான்.

வாவியின் நடுவே மாந்தீவு என்றொரு சிறு தீவு உண்டு. தொழுநோயாளரைத் தனியே வைப்பதற்கென அங்கே வைத்தியசாலை அமைக்கப்பட்டது. வள்ளத்தில் ஏறிச் சென்றவர்களுள், நோய் நீங்கிய பின்னும் வீடு ஏற்காமையால் அங்கேயே முதுமையடைந்தவர் உளர். 1980களிற் பன்மருந்துச் சிகிச்சை வந்தது. வீட்டிலிருந்தே மாத்திரை உண்டு குணமடையலாம் என்றாயிற்று. ஆயினும் மக்களின் அச்சம் மாத்திரையால் நீங்கவில்லை. 1990இல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் பெரும் பிரசாரம் செய்து அதனைப் போக்க வேண்டியிருந்தது. போதை நோயில் நாம் இன்னும் வள்ளத்தை அனுப்பும் காலத்திலேயே நிற்கிறோமோ என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்னும் அம்மையார் 1980இற் சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்து வைத்தியசாலைக்குக் கிராமத்தவர் வருவது அரிது என்று கண்டு, 1989இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் அந்நிறுவனம் முகாம் நடத்தியது. வைத்தியரும் ஆலோசகரும் ஊருக்கே வந்து தங்கினர். குடும்பத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் சிகிச்சையிற் பங்கு கொண்டனர். முகாம் முடிந்தபின் குணமடைந்தவர்களைத் தேடிச் சென்று பார்க்கும் வழக்கமும் இருந்தது. ஊரார் கண்முன்னே குணமடைந்தவனை ஊர் நம்புவது எளிது.

நம் பகுதிக்கும் அத்தகைய கட்டமைப்பு இல்லாமலில்லை. 'குடி' என்னும் சொல் நம் நாட்டில் தாய்வழி வந்த சுற்றத்தையும் குறிக்கும், மற்றதையும் குறிக்கும். முன்னதைக் கொண்டு பின்னதை அடக்க இயலுமா என்று பார்க்கலாமே! கோயிற் காரியத்திற் குடிகளுக்காகப் பேசும் வண்ணக்கர் இருக்கிறார், தாய்மாமன் இருக்கிறார். மணப்பேச்சிற்கும் காணிப் பிணக்கிற்கும் கூடுகின்ற இவர்கள், ஒருவர் திரும்பி வருவதற்கு முன்பே கூடி, அவர் எந்த வீட்டில் உறங்குவார், எவர் அவரோடு இருப்பார், என்ன தொழில் செய்வார் என்று முடிவு செய்யலாம். முதல் மாதம் அவரைத் தனியே உறங்க விடாதிருத்தல் நன்று. கோயிற் பணியில் ஒரு சிறு பொறுப்பைக் கொடுக்கலாம். வெற்றிலைக் கொடிக்கு நீர் வார்ப்பது நாள் தவறாமற் செய்ய வேண்டிய வேலை. அதனை அவரிடம் ஒப்படைக்கலாம். கூலியை அவர் கையிற் கொடுப்பதா, அவர் சம்மதத்தோடு மனைவியிடம் கொடுப்பதா என்பதை அவரையே கேளுங்கள். கேட்பதே ஒரு மரியாதை.

அவர் மீண்டும் ஒருமுறை விழலாம். பலர் விழுகிறார்கள், நீரிழிவுக்காரர் பத்தியம் மீறுவதில்லையா? அப்போது அறையிற் பூட்டிவைக்காதீர்கள். நெடுங்காலம் பெருங்குடி குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பும், அதனையடுத்துச் சித்தக் கலக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதும் வைத்தியர் மேற்பார்வையில் நடக்க வேண்டியதே.

ஆலோசனை வேண்டுவோர் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தை அழைக்கலாம். மயங்கிக் கிடப்பவருக்கு 1990. கையில் எழுதுகோல் இல்லாதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: ஆலோசனைக்கு 1927, அவசரத்திற்கு 1990.