சகுனி எப்போது நொண்டினார்?

(வெள்ளக்கடையில் கூடிய முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, காபித் தோட்டத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்த பிறகு தொழில்நுட்பம் பேச வேண்டாம் என்று செயலாளர் அண்ணன் சொல்லிவிட்டார். அப்படின்னா டி.வி. சீரியலைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பேசுங்க, ஆனா மாமியார் மருமகள் வேண்டாம்" என்றார். அதனால்தான் மகாபாரதத்துக்கு வந்தேன்.

2013 செப்டம்பரில் ஸ்டார் பிளஸ்ஸில் தொடங்கிய மகாபாரதம், தமிழ்க் குரல் கொடுக்கப்பட்டு விஜய் டி.வி.யில் வந்தது. நாங்கள் அப்போது இறுதியாண்டு. மெஸ் டி.வி. முன்னால் தட்டோடு நின்று பார்த்த கூட்டம் இங்கே பாதிப் பேர் இருக்கிறீர்கள். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் அதற்கு முந்தையது. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கி 94 பகுதிகளாகத் தூர்தர்ஷனில் ஓடியது. அது ஓடியபோது நான் பிறக்கவே இல்லை. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டார்களே, அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது உடம்பு. சோப்ராவின் பீமன் பிரவீண் குமார். வட்டு எறிதலில் 1966, 1970 ஆசியப் போட்டிகளில் தங்கம் வாங்கியவர். ஒலிம்பிக்குக்கும் போனார். தொப்பை கொஞ்சம் இருந்தால்கூட, மரத்தைப் பிடுங்கி அடிப்பார் என்று நம்பலாம். 2013-இல் வந்தவர்களுக்கு வயிற்றில் ஆறு கட்டு. பீமன், அர்ச்சுனன் மட்டுமில்லை, நகுல சகாதேவனுக்கும் அதே ஜிம். திருதராஷ்டிரனாக வந்த தாகூர் அனூப் சிங் 2015-இல் பாங்காக்கில் உலக உடற்கட்டுப் போட்டியில் பட்டம் வென்றவர். சிங்கம் மூன்றாம் பாகத்தில் சூர்யாவோடு மோதுவாரே, அவர்தான்.

இதில் ஒன்றைப் பாராட்ட வேண்டும். பார்வையில்லாதவர் என்றால் தடவித் தடவி நடக்கிற பலவீனமான ஆள் என்ற நினைப்பை அந்தத் தேர்வு உடைத்தது. வியாசரும் திருதராஷ்டிரனுக்குப் பத்தாயிரம் யானை பலம் என்கிறார். போர் முடிந்து பீமனைத் தழுவ வரும்போது, கண்ணன் இரும்புப் பொம்மையைத் தள்ளிவிட, அதை நொறுக்கியவர் அல்லவா. ஆனால் மூல நூல் அவருக்கு இன்னொரு பெயரும் கொடுத்திருக்கிறது: பிரக்ஞாசக்ஷு. அறிவையே கண்ணாகக் கொண்டவன் என்று பொருள். அண்ணன் இருக்கத் தம்பிக்கு அரியணை போனது கண்ணில்லை என்ற ஒரே காரணத்தால். அந்த வயிற்றெரிச்சல்தான் கதையின் பாதி. சீரியல்காரர்கள் அதை விட்டுவிட்டு, "கண்ணும் குருடு, மனசும் குருடு" என்ற வசனத்துக்கு ஓடிவிடுகிறார்கள். பிள்ளைப் பாசத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் அப்பாக்களுக்குப் பெரும்பாலும் பார்வை நன்றாகவே இருக்கிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது சகுனி. சோப்ரா தொடரில் கூஃபி பெய்ண்டால் நடித்தார். 2023 ஜூனில் காலமானார். நடிக்க வருவதற்கு முன் அவர் ஒரு இன்ஜினியர், நம்ம ஆளு. ஒரு கண்ணை இடுக்கி, காலை இழுத்து இழுத்து அவர் நடந்த நடையை நாடே பார்த்தது. 2013 தொடரிலும் சகுனி நொண்டித்தான் வந்தார். நான் வியாச பாரத மொழிபெயர்ப்பைச் சகுனிக்காகவே தேடித் தேடிப் படித்தேன். காந்தார இளவரசன், சூதில் கெட்டிக்காரன், கடைசியில் சகாதேவன் கையில் சாகிறான். கால் ஊனம் என்று ஒரு வரி கிடையாது. பழியை மறக்காமலிருக்க அப்பாவே மகன் காலை உடைத்தார், அப்பா எலும்பில் தாயம் செய்தான் என்பதெல்லாம் வாய்மொழிக் கதை. நல்ல கதைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து டி.வி. எடுத்துக்கொண்டது சிறையில் பட்டினி கிடந்து செத்த குடும்பத்தை இல்லை, காலை மட்டும்தான். காரணம் சுலபம். நொண்டி வந்தாலே, வசனம் பேசுவதற்கு முன்பே, "இவன் கோணல் புத்திக்காரன்" என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. எழுதுகிறவருக்கு ஒரு காட்சி மிச்சம்.

அந்த மிச்சத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். நான் மேடை ஏறி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். பல்ஸ் போலியோ நம் நாட்டில் 1995-இல் தொடங்கியது. நான் அவசரப்பட்டு அதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டேன். முதல் மூன்று வருஷம் விடுதியில் எனக்கு என் பெயர்தான். சீரியல் தொடங்கிய மாதத்திலிருந்து "சகுனி மாமா". சீட்டு ஆட உட்கார்ந்தால், "மாமா கைக்குத் தாயத்தைக் குடுக்காதீங்கடா" என்பார்கள். பாசமாகத்தான் கூப்பிட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருஷம் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வுக்கு அறைக்குள் நடந்து போகும்போது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரும் அந்தச் சீரியல் பார்ப்பாரோ என்று என் மனசில் ஓடியது. இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2014 மார்ச் 27-ஆம் தேதி, இந்தியா போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நோய் போய்விட்டது, சகுனி நடை மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

இதைவிடக் கொடுமை ராமாயணத்தின் கூனி. 1987-இல் ராமானந்த் சாகர் எடுத்த தொடரில் மந்தரையாக வந்தவர் லலிதா பவார். ஒரு காலத்தில் கதாநாயகி. 1942-இல் ஒரு படப்பிடிப்பில் சக நடிகர் காட்சிக்காக அறைந்த அறை பலமாக விழுந்து, முகத்தில் வாதம் வந்து, இடது கண் பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் கொடுமைக்கார மாமியார் வேஷம். அவர் நல்லவரா கெட்டவரா என்பதை அந்தக் கண்ணே முடிவு செய்துவிட்டது.

ஆண்மை விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் மன்னிக்கணும். குரு வம்சத்தைக் கொஞ்சம் பாருங்கள். பீஷ்மர் கல்யாணமே வேண்டாம் என்று சபதம். விசித்திரவீரியன் பிள்ளை இல்லாமல் செத்தான். பாண்டு மனைவியைத் தொட்டால் மரணம் என்று சாபம் வாங்கினான். அந்த வம்சத்தைக் காப்பாற்றியது வியாசரும் தேவர்களும். அர்ச்சுனன் ஒரு வருஷம் பிருகன்னளையாக விராடன் மகளுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்தான், அந்த உடையில் தேரேறி கௌரவப் படையை ஓட விட்டான். ஆண் என்றால் இப்படித்தான் என்று நாம் வைத்திருக்கிற அளவுகோல் எதுவும் இந்தக் கதையில் செல்லாது. அதை எடுத்து, மார்பு, தோள், மெதுவாக நடக்கும் நடை, பின்னணியில் இடிச் சத்தம் என்று முடித்துவிட்டார்கள். சீரியல் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சேனலைத் திருப்பினால் "ஆண்மைக் குறைவா?" என்று லேகிய விளம்பரம் வரும். இரண்டும் ஒரே கடைச் சரக்குதான் என்பது என் அபிப்பிராயம்.

சிகண்டியை மட்டும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பெண்ணாய்ப் பிறந்து, ஆணாய் வளர்ந்து, யட்சனிடம் உருவம் மாற்றிக்கொண்டவர். 1988-இல் அந்த வேஷத்தைப் போட்டவர் கூஃபியின் தம்பி, நகைச்சுவை நடிகர் பெய்ண்டால். 2013-இல் ஒரு நடிகை. திருநங்கையோ திருநம்பியோ ஒருவரைத் தேடியிருக்கலாம். இத்தனைக்கும் 2008-இலேயே "இப்படிக்கு ரோஸ்" என்று ஒரு திருநங்கை தொகுத்து வழங்கிய நிகழ்ச்சியைப் போட்டது இதே விஜய் டி.வி. தொடர் ஓடிய அந்தப் பத்துப் பதினோரு மாதத்துக்குள் வெளியே நடந்ததைப் பாருங்கள். 2013 டிசம்பர் 11-இல் 377-ஆம் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு. அது மாற 2018 செப்டம்பர் வரை ஆனது. 2014 ஏப்ரல் 15-இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து இன்னொரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் அரவான் கதை வருகிறது. நீதிபதிகள் மகாபாரதத்தில் பார்த்ததை, மகாபாரதம் எடுத்தவர்கள் பார்க்கவில்லை. நம்ம சேலத்துப் பிரித்திகா யாஷினி 2015-இல் உயர் நீதிமன்றம் வரை போய் ஜெயித்து, 2017-இல் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார்.

கீழே சேலம், தருமபுரிப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. மீசை வைத்த ஆள் சாயங்காலம் சவரம் செய்துகொண்டு திரௌபதி ஆவார். துகிலுரியும் கட்டத்தில் அவருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். விடிந்ததும் அவரே டீக்கடையில் பீடி பிடிப்பார். கூத்தை நான் கோபுரத்தில் ஏற்றவில்லை. கட்டியங்காரன் அடிக்கும் ஜோக்கில் நொண்டியும் செவிடும் நிறையவே மாட்டுவார்கள். ஆனால் அங்கே உடம்பு ஒரு வேஷம்தான், தீர்ப்பு இல்லை.

வெளிநாட்டிலும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். "டவுன்டன் அபே" என்ற ஆங்கிலச் சரித்திரத் தொடரில் போரில் அடிபட்ட மேத்யூவுக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போகும், இனிப் பிள்ளை பிறக்காது என்பார்கள். பிறகு ஒருநாள் சட்டென்று எழுந்து நிற்பார். கல்யாணம் நடந்தாக வேண்டுமே! சக்கர நாற்காலியோடு ஒருவன் மாப்பிள்ளையாக இருப்பதைக் கற்பனை செய்ய அவர்களாலும் முடியவில்லை. "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" வேறு மாதிரி. குள்ளமான டிரியனை அவன் அப்பாவே கேவலமாகப் பேசுவார். ஆனால் அவன் ஆசை, தந்திரம், குடி, காதல் எல்லாம் அவனுடையது. குள்ளம் அதில் ஒன்று, அவ்வளவுதான். நடித்த பீட்டர் டிங்க்லேஜ் நான்கு எம்மி விருது வாங்கினார்.

2024 ஜூலை 8-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றம் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரைக் கேவலப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொல்கிறது. எழுதும்போதும் எடுக்கும்போதும் சம்பந்தப்பட்டவர்களையே கேளுங்கள் என்கிறது. கேட்டால் போதும், நாங்கள் நிறையப் பேசுவோம், என்னைப் பார்த்தாலே தெரிந்திருக்குமே.

ராத்திரி மாணவர்கள் பாரத நாடகம் போடுகிறார்கள். சகுனி வேஷத்துக்கு ஆள் குறைகிறது, வருகிறீர்களா அண்ணா என்று காலையில் ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். கர்ணன் வேஷம் கொடுத்தால் வருகிறேன், சகுனிக்கு நல்லா நடக்கிற ஒருத்தரைப் பாருங்க என்று சொல்லியிருக்கிறேன். டைரக்டரைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். இன்னும் பதில் வரவில்லை.