மூட்டு நோவும் நமது கடமையும்

(யூபிலி ஆண்டு முதியோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இன்று நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. உங்கள் முழங்கால்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அம்மாபேட்டையில் குழித்தறி மிதித்தவர்களும், விசைத்தறிக் கூடத்தில் நின்றே உழைத்தவர்களும் இங்கே பலர். எழுந்தேற்ற வேளையில் பின் பெஞ்சுகளிலிருந்து வரும் முனகல் என் காதில் விழாமலில்லை.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2007இல் என் தாயாருக்கு வயது 68. மூட்டுகள் தேய்ந்துவிட்டன, மாற்று அறுவை செய்யலாம் என்றார் மருத்துவர். நானோ, "இந்த வயதில் கத்தி எதற்கம்மா? சிலுவையாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றேன். சாமியாரான மகன் சொல்லை எந்தத் தாய் தட்டுவாள்? நான்கு ஆண்டுகள் திண்ணையே அவருக்குக் கோவிலாயிற்று. 2011இல் என் தங்கை பிடிவாதமாக அழைத்துச் சென்று அறுவை செய்வித்தாள். அதன்பின் 83ஆம் வயதில் இறக்கும் வரை, பதினோரு ஆண்டுகள் அவர் நடந்தே பூசைக்குச் சென்றார். இழந்த நான்கு ஆண்டுகளை நான் எப்படித் திருப்பித் தருவேன்? தீர்க்கக்கூடிய நோவுக்குச் சிலுவை என்று பெயரிட எனக்கு என்ன உரிமை?

மாற்றிய மூட்டு எத்தனை நாளைக்கு என்று கேட்பீர்கள். தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கி, உலோக மூடிகள் பொருத்தி, நடுவே பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள். இன்றைய மூட்டுகளுக்கு முன்னோடியானது 1974இல் நியூயார்க்கில் உருவாயிற்று. அதை வடிவமைத்தவர்களுள் ஒருவர் நம் நாட்டவரான டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். 2000, 2001 ஆண்டுகளில் பிரதமர் வாஜ்பாயின் இரு முழங்கால்களிலும் மும்பையில் அறுவை செய்தவரும் அவரே. அதன்பின் வாஜ்பாய் 2004 வரை பிரதமராகப் பணியாற்றினார்.

ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைப்பதாகக் கண்டது. 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வின்படி, எழுபதைக் கடந்து செய்துகொள்வோரில் மறு அறுவை தேவைப்படுவோர் நூற்றுக்கு ஐவரே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களிலோ 35 பேர் வரை. ஆகவே அவசரம் வேண்டாம். எடை குறைத்தும், தொடைக்குப் பயிற்சி செய்தும், மருந்து உண்டும் பலனின்றி நடையும் உறக்கமும் கெட்டால், தாமதமும் வேண்டாம்.

நிற்க. இது அற்புதமன்று. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு நிறைவு அடைவதில்லை. சம்மணமிடுவதும் குந்தி உட்காருவதும் பலருக்கு இயலாது. நோவுக்கு அஞ்சிப் பயிற்சியை விட்டால் கால் விறைத்துவிடும். சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், கால் புண்ணையும் சொத்தைப் பல்லையும் அசட்டை செய்யாதீர்கள். மாற்றிய மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், எண்ணெய் தேய்க்காமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

செலவுக்கு அஞ்சுவோர்க்கு ஒரு சொல். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. வழக்கமான கோபால்ட் குரோமிய மூட்டுக்கு, வரி நீங்கலாக, அன்று 54,720 ரூபாய். தறியை விற்பதற்கும் வட்டிக்கு வாங்குவதற்கும் முன், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு நம் சேலம் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

முழந்தாளிட இயலவில்லையே என்று வெட்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உடல்நலம் இடந்தராதவர்க்குத் திருப்பலி ஒழுங்கே விலக்கு அளிக்கிறது. அமர்ந்தே ஜெபியுங்கள், ஆண்டவர் முழங்காலை அளப்பதில்லை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர் எப்போதிருந்து கோவிலுக்கு வரவில்லை? இன்றிரவே அவரருகில் அமர்ந்து கேளுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேட்டால், அதுவே இந்த யூபிலிக்கு நீங்கள் தரும் நல்ல காணிக்கை.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!