நோயாளியின் கட்டிலும் மாறிவரும் பருவமும்

(பாயான் லெப்பாஸில் கூடிய தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் தாதியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக் கொண்டீர்கள். அது விஞ்ஞானிகள் பேசவேண்டிய விஷயமாயிற்றே, மிஸ்ஸிமாருக்கு அதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வானத்தில் நேரும் மாறுதலை அளப்பவர்கள் விஞ்ஞானிகள்தாம். அந்த மாறுதல் மனித உடம்பில் என்ன செய்கிறது என்பதைக் கட்டிலருகே நின்று முதலில் காண்பவர்களோ நாங்கள். ஆகவே பேசும் உரிமை எங்களுக்கும் உண்டு.

விஞ்ஞானத்தைச் சுருக்கமாகவே சொல்லி விடுகிறோம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமிலவாயு எழுகிறது. ஆலைகள் பெருகுவதற்கு முன்பு காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அது கம்பளிபோல் பூமியைப் போர்த்தியிருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. 2024ஆம் ஆண்டில் உலகத்தின் சராசரி வெப்பம் பழைய அளவைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டதாக உலக வானிலை நிறுவனம் கணக்கிட்டது. ஒன்றரை டிகிரி அற்பம் என்று எண்ணவேண்டாம். மனித உடம்பில் அவ்வளவு ஏறினால் அதற்குக் காய்ச்சல் என்று பெயர். நாங்கள் உடனே டாக்டரைக் கூப்பிடுவோம்.

இதே பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில்தான் பினாங்கின் மழையையும் வெயிலையும் அளக்கும் வானிலை நிலையம் இருக்கிறது. நம் தீவுக்கு மழை புதிதல்ல. வருஷத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் பெய்யும் ஊர் இது. ஆனால் 2017 நவம்பர் 4ஆம் தேதி பெய்தது வேறு மாதிரியான மழை. அன்று பிற்பகலில் தொடங்கி விடிய விடியக் கொட்டியது. ஒரு மாதத்தில் பெய்யவேண்டியதற்கு மேல் ஒரே நாளில் பெய்தது. காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஜார்ஜ் டவுன் வீதிகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பின்னிரவு மூன்று மணிக்கு அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங், துணைப் பிரதமரைத் தொலைபேசியில் எழுப்பி இராணுவத்தை அனுப்பும்படி கேட்டார். தீவிலும் பெருநிலத்திலுமாக ஏழு பேர் மாண்டனர். அவர்களில் முதியோரும் இருந்தனர்.

அந்த ஏழு பேரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. கணக்கில் வராதவர்களைப் பற்றி நாங்கள் சொல்கிறோம். வெள்ளம் வந்த இரவில் சிறுநீரகம் கெட்டவருக்கு மறுநாள் காலை இரத்தச் சுத்திகரிப்பு இருக்கும். பாதை அடைபட்டால் ஒரு நாள் தள்ளிப் போடலாம். இரண்டு நாள் போனால் மூச்சு முட்டும். அதற்குமேல் இதயத்துக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளியின் இன்சுலின் ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்கவேண்டும். மின்சாரம் நின்று பல மணி நேரமானால், வெயில்பட்டு சூடேறினால், மருந்தின் வேகம் குறையும். பார்வைக்கோ அது பழைய புட்டியாகவே இருக்கும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேற இரண்டு ஆள் வேண்டும். மகனும் மருமகளும் ஆலையில் இரவு வேலைக்குப் போயிருந்தால் அந்த இரண்டு ஆள் யார்?

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பயமில்லை என்று சொல்வதற்குமில்லை. 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தின்போது கோல கிராய் ஆஸ்பத்திரியைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து அது ஒரு தீவாகி நின்றது. நோயாளிகளோடு, அடைக்கலம் தேடி ஓடிவந்த ஊராரும் அங்கே அடைபட்டனர். அடுத்த ஆண்டு, 2015 டிசம்பரில், சென்னையில் அடையாறு கரை புரண்டு மணப்பாக்கத்திலிருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குள் புகுந்தது. மின்சாரம் போயிற்று, ஜெனரேட்டரும் வெள்ளத்தில் மூழ்கிற்று. தீவிர சிகிச்சையிலிருந்த 18 பேர் அந்த நாட்களில் இறந்தனர். அவர்கள் முன்பே கவலைக்கிடமாக இருந்தவர்கள் என்றும் சொல்லப்பட்டது. இருக்கலாம். கவலைக்கிடமாக இருப்பவருக்குத்தானே ஜெனரேட்டர் வேண்டும்? அதைத் தரைமட்டத்துக்குக் கீழே வைத்துவிட்டு மேல்மாடியில் மூச்சுக் கருவியை ஓட்டினால், வெள்ளம் வரும்வரைதான் அது ஆஸ்பத்திரி.

வெள்ளம் வடிந்த பிறகு எங்களிடம் வருவது எலிக் காய்ச்சல். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நடந்தால் காலிலுள்ள சிறு கீறல் வழியாக அது உள்ளே ஏறும். சில நாள் கழித்தோ இரண்டு வாரம் கழித்தோ காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், சிலருக்கு மஞ்சள் காமாலை. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கவைக்கலாம். ஆனால் டாக்டரிடம் போகும்போது “நான் வெள்ளத்தில் நடந்தேன்” என்று சொல்ல நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தை சோதனைக் குழாயைவிட முந்தி நோயைக் காட்டும்.

நிற்க. வெயிலுக்கு வருவோம். நம் நாட்டில் பதிவான மிக அதிக வெப்பம் 40.1 டிகிரி, 1998இல் பெர்லிஸ் மாநிலம் சூப்பிங்கில் கண்டது. 2016 ஏப்ரலில் அதே பக்கம் 37 டிகிரியைத் தாண்டியபோது பெர்லிஸ், கெடா பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தது. தோட்டத்தில் பெரட்டு மட்டும் நிற்கவில்லை.

மரம் வெட்டுவோருக்கு ஒரு சௌகரியம் உண்டு. இருட்டோடு நிரையில் இறங்கி வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்கிறோம். காலைக் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் என்பதே அதற்குக் காரணம். நம் உடம்புக்காக யாரும் ஏற்பாடு செய்ததல்ல. பால் எடுத்துச் சுமந்து வரும்போதும், புல்லுக்கு மருந்தடிக்கும்போதும், செம்பனைக் குலை தள்ளும்போதும் அந்தச் சௌகரியம் இல்லை. மருந்தடிக்கும் பெண்கள் முகமூடியும் கனத்த உடையும் அணிந்தால் விஷத்துக்குப் பாதுகாப்பு. வியர்வை ஆறாததால் வெப்பத்துக்கு ஆபத்து. கழற்றினால் விஷம். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவர்களைக் கேட்பது நியாயமல்ல. வேலை நேரத்தை மாற்றவேண்டியது நிர்வாகம்.

வெப்பத் தாக்குதல் என்பது மயக்கமல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உடம்பின் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறி மூளை தடுமாறுகிறது. ஆள் உளறுவார், சண்டைக்கு வருவார், தள்ளாடுவார். குடித்திருக்கிறார் என்று மண்டோர் நினைத்துக்கொள்வார். வியர்வை நின்றுபோனால்தான் இந்த நோய் என்பது தப்பெண்ணம். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் வியர்வை வழியும்போதே வரும். அப்போது லாரிக்காகக் காத்திருக்கக் கூடாது. நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, தலை முதல் கால்வரை தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். பனடோல் இதற்குப் பயன்படாது. முதலில் குளிரவையுங்கள், பிறகு ஏற்றிச் செல்லுங்கள். வழி நெடுகிலும் விசிறிக்கொண்டே போங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் சில, கடும் வெயிலில் உடம்பை அதிகம் வறட்டிவிடும். மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையையே தடுக்கும். இதைக் கேட்டுவிட்டு நீங்களாகவே மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். கிளினிக்குக்குப் போய், நாங்கள் வெயிலில் வேலை செய்கிறோம் என்று சொல்லி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் கவலை தருவது. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை, நாமக்கல் மாவட்டங்களில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. அந்த 800 பேரும் நம் பாட்டிமார் கப்பலேறி வந்த ஊர்களின் பெண்கள். இங்கே வேறு வெயில், அங்கே வேறு வெயில் என்று சொல்லிவிட முடியாது. நம் வெயிலில் ஈரம் அதிகம், ஆகையால் வியர்வை ஆறுவது இன்னும் கடினம்.

எல்லாவற்றுக்கும் பெரிய பணம் வேண்டும் என்றில்லை. 2010ஆம் ஆண்டு மே மாதம் அகமதாபாத்தில் கடும் அனல் வீசியது. அந்த ஒரே மாதத்தில் வழக்கத்துக்கு மேல் 1,344 பேர் இறந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அங்கே ஒரு நகராட்சி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு மேல்மாடியில், மொட்டைக் கூரைக்கு நேர்கீழே இருந்தது. பிறந்த சிசுக்களுக்கு வெப்பத்தால் காய்ச்சல் கண்டது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். அதன்பின் வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்கு வரும் சிசுக்கள் வெகுவாகக் குறைந்தன. 2013இல் அந்த நகரம் தெற்காசியாவிலேயே முதலாவதாக வெப்பத்துக்கென்று ஒரு செயல் திட்டம் வகுத்தது. தகரக் கூரையின்கீழ் இருக்கும் நம் ஆயாக் கொட்டகைகளை ஒரு நண்பகலில் போய்ப் பார்க்கும்படி கமிட்டித் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கையில் ஒரு வெப்பமானி கொண்டு போங்கள்.

டெங்கியைப் பற்றிச் சொல்லாமல் பினாங்கில் பேச முடியாது. 1902இலேயே இந்தத் தீவில் டெங்கி இருந்ததை அந்நாளைய டாக்டர் ஒருவர் எழுதி வைத்தார். இரத்தம் கசியும் கொடிய டெங்கி மலாயாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் பினாங்கில்தான், 1962 நவம்பரில். 2019இல் நாடு முழுவதும் 1,30,101 பேருக்குக் கண்டு 182 பேர் இறந்தனர். சூடு கூடினால் கொசு விரைவில் வளர்கிறது. அதன் உடம்பில் கிருமியும் விரைவில் முற்றுகிறது. தோட்டத்தில் அது எங்கே வளர்கிறது? வெட்டாத மரத்தில் நிமிர்ந்திருக்கும் பால் மங்கில். மழை பெய்து வேலை நின்ற நாட்களில் ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுத் தொட்டி. கவிழ்த்துவைக்க ஒரு மரத்துக்கு ஒரு விநாடி ஆகும். ஆனால் நிரையிலுள்ள மரங்களை எண்ணிப் பாருங்கள், அது ஒரு வேலை. வேலையென்றால் அதற்குக் கூலி உண்டு என்பதே எங்கள் அபிப்பிராயம்.

டெங்கியில் காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். நாங்கள் அப்போதுதான் கண்ணை மூடாமல் இருப்போம். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, காய்ச்சல் தணியும் வேளையில்தான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், துவண்டுபோதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே கொண்டுவாருங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இனி ஒரு சங்கடமான விஷயம். மருத்துவத் தொழிலும் காற்றைக் கெடுக்கிறது. உலகத்தின் கெட்ட வாயுவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் ஆஸ்பத்திரிகளாலும் அவற்றுக்கான பொருள்களைச் செய்வதாலும் வருகிறது என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. நாங்கள் தூக்கி எறியும் கையுறை அதில் சேர்ந்தது. லண்டனில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தாதிகள் 2018இல் தேவையில்லாத இடத்தில் கையுறை வேண்டாம், கையைக் கழுவுவோம் என்று இயக்கம் நடத்தி டன் கணக்கில் குப்பையைக் குறைத்தார்கள். இங்கே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கையுறை குறைந்தால் பால் விலை என்னாகும்? நியாயமான கேள்விதான். அறுவைச் சிகிச்சைக்கு ரப்பர் கையுறை வந்ததே ஒரு தாதிக்காக. 1889-90 வாக்கில் அமெரிக்காவில் கரோலின் ஹாம்ப்டன் என்ற தாதியின் கை, கிருமிநாசினியால் வெந்துபோனது. டாக்டர் ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனியிடம் மெல்லிய ரப்பர் உறை செய்யச் சொன்னார். பிறகு அவரையே மணந்துகொண்டார், அது வேறு கதை. ஆனால் இன்று ஆஸ்பத்திரிகளில் குவியும் கையுறைகளில் பெரும்பகுதி மரத்துப் பாலில் செய்தவை அல்ல; நைட்ரைல் என்னும் எண்ணெய்ச் சரக்கு. ஆகவே வீண் செலவைக் குறைப்பதற்கும் மரத்துப் பாலுக்கும் பகையில்லை. எண்ணெயை விட்டு மரத்துக்குத் திரும்பவேண்டும் என்று கேட்கவும் வழியிருக்கிறது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் வேறு உறை வேண்டும். அதை நாங்கள் மறைக்கமாட்டோம்.

சட்டம் நமக்கு ஒன்றும் தரவில்லை என்பதில்லை. தோட்டத்து வீடு, ஆயாக் கொட்டகை, வைத்திய வசதி ஆகியவற்றுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வேலையிடத்து வெப்பத்தைப் பற்றி 2016இல் தொழில் பாதுகாப்பு இலாகா வழிகாட்டி நூல் வெளியிட்டது. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காவிட்டால் அவ்விடத்தை விட்டு விலகலாம்; அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் வழிகாட்டி என்பது வழிகாட்டிதான். கால் மணிக்கு ஒருமுறை ஒரு கோப்பைத் தண்ணீர், நிழலில் ஓய்வு, அந்த ஓய்வுக்குச் சம்பளம் என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தாக ஏறினால்தான் மண்டோர் அதை மதிப்பார். அடுத்த பேச்சுவார்த்தையில் இதைச் சேர்க்கும்படி சங்கத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் இருக்கிறது, கையெழுத்திடலாம்.

கிராணிமாரிடம் ஒரு உதவி கேட்டோம், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு லயத்திலும் வீட்டுமனையிலும் படுக்கையில் இருப்பவர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், இன்சுலின் போடுகிறவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுவது. மழை எச்சரிக்கை வந்த மாலையே அந்த வீடுகளுக்கு ஆள் போகும். இரண்டு கிராணிமார் பின்வரிசை மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாத்திரை உறைகளைக் கொண்டு வந்தவர்கள் முதலில் அங்கே போங்கள். மற்றவர்கள் இரத்த அழுத்தம் பார்க்க எங்களிடம் வரலாம்.