நத்தைகுத்திக்குச் சொந்த ஊர் எது?



மார்கழி பிறந்துவிட்டால் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்கவேண்டும். மஃப்ளர் கட்டிய தாத்தாக்கள், முறுக்குப் பொட்டலத்தோடு குழந்தைகள். யாராவது ஒரு அப்பா மரத்தைக் காட்டி, “எல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தது” என்று சொல்லிக்கொண்டிருப்பார். நானும் ஒரு காலத்தில் என் மகளிடம் இதையே அடித்துச் சொன்னவன்தான்.

உண்மை வேறு. அங்கே நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாமே நம் பக்கத்துப் பறவைகள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி மரத்தடியில் தண்ணீர் நின்றால், பூனையும் கீரியும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. சுற்று வட்டார வயல்களிலும் குட்டைகளிலும் மீனும் நத்தையும் கிடைக்கும். அதனால்தான் இந்த மாதங்களில் பிள்ளைப்பேறு. மழை பொய்த்த வருஷத்தில் மரங்கள் வெறிச்சென்று கிடக்கும். போகுமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வடக்கிலிருந்து வருகிற விருந்தாளிகளும் உண்டு. ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை. அவை தண்ணீரில் மிதந்து, மேய்ந்து, வெயில் ஏறும் மாதங்களில் கிளம்பிவிடும். இங்கே முட்டையிடுவதில்லை.

பறவை பார்ப்பது ஒரு கலை என்கிறார்கள். எத்தனை இனம் பார்த்தோம் என்று நோட்டில் எண்ணிக்கொண்டு ஓடுவதை என்னால் கலை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. பைனாகுலரை ஒரே ஒரு கூட்டில் அரைமணி நேரம் நிறுத்திப் பாருங்கள். நத்தைகுத்தி அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். பாக்குவெட்டியைப் பாதியில் நிறுத்தியதுபோல. குஞ்சின் அலகில் அந்தச் சந்து இல்லை. வளர வளரத்தான் விழும். உச்சி வெயிலில் தாய் சிறகைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும். வெயில் நகர நகரத் தானும் திரும்பி நிற்கும். இதைப் பார்த்தவருக்கு இனங்களின் எண்ணிக்கை மறந்துபோகும்.

இந்த ஏரி முப்பது ஹெக்டேர் அளவுதான். பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிருக்கு உரம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே துப்பாக்கியோடு வந்தபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள் என்பது வரலாறு. ராம்சார் பட்டியலில் ஏரி இடம்பெற்றது 2022இல்தான். இரண்டுக்கும் நடுவே இருநூற்றுச் சொச்சம் வருஷம் அதைக் காத்ததில் உழவர் கணக்கும் ஒன்று என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

போகிறவர்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்குப் போய், “ஒண்ணும் பெரிசா இல்லையே” என்று திரும்புகிறார்கள். பெரியவை பாதி இரை தேடப் போயிருக்கும் நேரம் அது. விடிகாலையில் போங்கள், முடியாவிட்டால் நாலு மணிக்கு மேல். பளிச்சென்ற சிவப்புச் சட்டை வேண்டாம். போன் பாட்டை அணைத்துவிடுங்கள்.

ஐந்தரை மணிக்குக் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றால் நாரைகள் வரிசை வரிசையாக வீடு திரும்பும். நாரைக்குத் தொண்டையில் குரல் அதிகமில்லை. வந்திறங்கியதும் அலகைத் தட்டித்தான் பேச்சு. ஏரி முழுக்கக் கட்டை தட்டுவதுபோல் கேட்கும். வெளிச்சம் மங்க மங்க அது அடங்கும். அப்போது பகலெல்லாம் இலைமறைவில் தூங்கிய வக்காக்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். “வக்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நம் தலைக்குமேல் இரவு வேலைக்குக் கிளம்பிப் போகும்.