கொல்லைப்புறத்தில் ஒரு வீடு



கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது வான்கூவர் நகரம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை. ஊர் இனி விரிய இடமில்லை. அப்படியிருந்தும் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் மனைக்கு ஒரே வீடு என்பதுதான் நெடுங்கால விதியாக இருந்தது. விலை ஏற ஏற, அந்தத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கே அங்கே வீடு எட்டாமல் போயிற்று.

அங்கே பல வீடுகளின் பின்னால் ஒரு சந்து ஓடும். குப்பை வண்டி வருவதற்கும் கார் நிறுத்துவதற்குமான சந்து. 2009இல் மாநகராட்சி, கார் கொட்டகை இருந்த அந்தப் பின்புறத்தில் சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள அனுமதித்தது. பெற்றோர் பின்வீட்டுக்கு மாறிப் பெரிய வீட்டை மகளுக்குக் கொடுக்கலாம். வாடகைக்கும் விடலாம். தனியாகப் பிரித்து விற்க மட்டும் அந்த விதி இடம் தரவில்லை. அப்போது நகரத் திட்ட இயக்குநராக இருந்த பிரெண்ட் டொடேரியன் இத்தகைய வளர்ச்சியை 'மென்மையான அடர்த்தி' என்று அழைத்தார்.

அடுத்த மனையில் வீடு எழும்புகிறது என்றால் நமக்கு என்ன பயம்? வெயில் மறையும், யாரோ மாடியிலிருந்து நம் முற்றத்தைப் பார்ப்பார்கள், மரத்தை வெட்டிவிடுவார்கள். நியாயமான பயங்கள்தான். அவற்றை அங்கே யாரும் உதறித் தள்ளவில்லை; வரைபடத்திலேயே பதில் தேடினார்கள். மேல்தளம் கீழ்த்தளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மாடி ஜன்னல்கள் கூடுமானவரை சந்துப் பக்கம் திறக்க வேண்டும். நல்ல மரம் நின்றால் அதைக் காக்கும்படி வீட்டைத் தள்ளி அமைக்கலாம். முன்தெருவில் நடப்பவர் கண்ணுக்குத் தெரு பழையபடியேதான் இருக்கும். இந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் வீட்டுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பின்வீடுகள் போதவில்லை. சின்ன வீடானாலும் கட்டும் செலவு பெரிது. கையில் மனையும் கடன் வாங்கும் வசதியும் உள்ளவர்களுக்கே அது கைகூடியது. 2011க்கும் 2016க்கும் இடையே டன்பார், கெரிஸ்டேல் போன்ற வசதியான பகுதிகளில் மக்கள்தொகை குறைந்தே போனது. ஊரில் வீடு கிடைக்காமல் தவிப்பு, இங்கே ஆள் குறைவு! என்னால் ஏற்க முடியாத நிலை இது.

2018இல் ஒரே மனையில் இரட்டை வீடுகளுக்கு வழி திறந்தது. 2023இல் மனையின் அளவைப் பொறுத்து ஆறு வீடுகள் வரை, வாடகைக்கு மட்டும் என்றால் எட்டு வரை கட்டலாம் என்றானது. இப்போது சோதனை கடுமையாகிறது. எட்டுக் குடும்பங்கள் வாழும் மனையில் மரம் வேர்விட மண் மிஞ்ச வேண்டும், பின்வீட்டு ஜன்னலுக்கும் வெளிச்சம் வர வேண்டும். அந்த மனைகளுக்கும் 2009இன் கவனத்தோடு விதி எழுதுங்கள் என்று அங்குள்ளவர்கள் கேட்பது முழுக்க நியாயம்.