அரசு அறியாப் பள்ளியின் ஆசிரியைகள்

(தொடக்கக் கல்வி பற்றிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தாய்மொழிவழிப் பள்ளி என்றதும், கட்டடம் எங்கே, பணம் எங்கே, அரசின் ஒப்புதல் எங்கே என்னும் வினாக்களே முதற்கண் எழுகின்றன. ஆசிரியர் எங்கே என்னும் வினா கடைசியில்தான் எழுகின்றது. சில வேளைகளில் எழுவதே இல்லை. இவ்வரிசை தலைகீழானது என்பதைக் காட்டவல்ல வரலாறு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. கட்டடமும் பணமும் ஒப்புதலும் இன்றி, ஆசிரியைகளை மட்டுமே முதலாகக் கொண்டு எழுந்த பாசுக்குப் பள்ளிகளின் வரலாறே அது.

பிரனீசு மலைத்தொடரின் மேற்கு முனையில், எசுப்பானியம் பிரான்சு ஆகிய இரு நாடுகளிலும் பிரிந்து வாழ்பவர்கள் பாசுக்கு மக்கள். அவர்தம் மொழி எயுசுக்கரா. இலத்தீனமும் அதன் வழிமொழிகளும் சூழ்ந்து நெருக்கியும் அழியாது நின்ற மொழி. உறவுமொழி இன்னதென்று இன்றுவரை நிறுவப்படாத தனிமொழி. பள்ளியைக் குறிக்க அவர்களிடம் 'எசுக்கோலா' என்னும் இலத்தீன வழிச்சொல் இருந்தது. எனினும் தம் மொழிப் பள்ளிக்கு 'இக்காசுத்தோலா' என்று பெயரிட்டனர். 'இக்காசி' கற்றலைக் குறிக்கும். 'ஓலா' தொழில் நிகழும் இடத்தைக் குறிக்கும். இரும்புருக்கும் உலைக்கூடத்தின் பெயரிலும் இந்த 'ஓலா' உண்டு. கல்வி நிகழும் உலைக்கூடம்! பெயரே அவர்தம் கொள்கையைச் சொல்லிவிடுகின்றதன்றோ?

அவ்வுலைக்கூடத்தில் பணிசெய்தோர் பெரும்பாலும் பெண்களே. அவர்களைப் பிள்ளைகள் 'அந்தெரேன்யோ' என்றழைத்தனர். 'அந்தெரே' என்பது பெண்ணை மதிப்போடு குறிக்கும் சொல். அதனோடு அன்பு காட்டும் ஈறு சேர்ந்தது. இப்பெண்கள் எங்கிருந்து வந்தனர்? எங்குக் கற்பிக்கக் கற்றனர்? இவ்வினாக்களுக்குரிய விடையிலேதான் அப்பள்ளிகளின் உயிர் இருக்கின்றது.

முதலில் நிற்பவர் எல்பிரா சிப்பிட்ரியா அம்மையார். 1906-இல் சுமையா என்னும் கடற்கரையூரில் பிறந்தவர். முறைப்படி ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தொனோசுத்தியா நகரில், மிகெல் முன்யோவா என்பவர் 1914-இல் தொடங்கிய பாசுக்குப் பள்ளியில் பணியாற்றியவர். ஆகவே அவர் வெறும் உணர்ச்சியால் பள்ளி தொடங்கியவர் அல்லர். தொழில் தெரிந்தவர் என்பதை முதற்கண் மனத்திற் கொள்க.

1936-இல் எசுப்பானிய உள்நாட்டுப் போர் மூண்டது. 1939-இல் பிராங்கோவின் கை ஓங்கியது. பாசுக்கு மொழி பள்ளிகளினின்று துரத்தப்பட்டது. பிள்ளைக்குப் பாசுக்குப் பெயரிடுவதும் தடுக்கப்பட்டது. கொள்கைக்காக ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். சிப்பிட்ரியா அம்மையாரும் எல்லை கடந்து, பிரான்சின் ஆட்சியிலிருந்த பாசுக்கு நிலத்தில் அடைக்கலம் புகுந்தார். எனினும் அங்கேயே தங்கிவிடவில்லை. நாற்பதுகளில் தொனோசுத்தியாவுக்கே திரும்பினார். நகரின் பழம்பகுதியில், பெர்மின் கல்பெத்தோன் தெருவில் இருந்த வீட்டிற்குள் சிறுபிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார். பெயர்ப்பலகை இல்லை, பதிவேடு இல்லை, அரசின் கணக்கில் அப்படி ஒரு பள்ளியே இல்லை!

அவ்வீட்டில் நிகழ்ந்தது என்ன? தடைசெய்யப்பட்ட மொழியில் பழைய மனப்பாடம் அன்று. மாண்டிசோரி அம்மையார் முதலிய புதுக்கல்வியாளரின் நெறிகளைச் சிப்பிட்ரியா அறிந்திருந்தார். நூலுக்கு முன்னே பேச்சு, சொல்லுக்கு முன்னே பொருள் என்பதே அவர் முறை. பிள்ளை தன் கண்ணாற் கண்டதைத் தன் வாயாற் சொல்ல வேண்டும்; அதன் பின்னரே எழுத வேண்டும். பெற்றோர்க்கும் அவர் கடமை வகுத்தார். வீட்டில் எசுப்பானியம் பேசிவிட்டுப் பிள்ளையை மட்டும் பாசுக்குப் பள்ளிக்கு விடுவதால் என்ன பயன்? பள்ளியும் வீடும் ஒரே மொழி பேச வேண்டும் என்பதில் அவர் அசையவில்லை.

அதனினும் பெரிய செயல் ஒன்றும் அவர் செய்தார். தமக்குப் பின் ஆள் வேண்டும் என்று எண்ணினார். இளம்பெண்கள் அவரிடம் வந்தனர். அவர்களுட் பலரிடம் ஆசிரியப் பட்டயம் இல்லை. நாவில் மொழி இருந்தது, நெஞ்சில் விருப்பம் இருந்தது. வகுப்பில் அவருடன் இருந்து, அவர் பேசுவதைக் கேட்டு, பிள்ளையிடம் அவர் பழகுவதைக் கண்டு, பின்னர்த் தாமே கற்பித்துப் பழகினர். உலைக்கூடத்தில் கொல்லனிடம் தொழில் பயில்வது போன்ற பயிற்சி அது. அவ்வாறு பயின்றோர் வேறு வீடுகளிலும் ஊர்களிலும் வகுப்புகள் தொடங்கினர். ஒரு விளக்கில் மறு விளக்கை ஏற்றுவது போன்று, ஒருவர் பலராயினர்.

அறுபதுகளில் இப்பள்ளிகள் பெருகின. பெற்றோர் கூடிப் பணம் திரட்டினர். கத்தோலிக்கக் கோயில்களும் துறவு மடங்களும் இடந்தந்து நிழலாயின. 1969-இல் பிரான்சுப் பகுதியிலும் 'செயாசுக்கா' என்னும் அமைப்புத் தோன்றி, இக்காசுத்தோலாக்களை நிறுவியது.

பெருகியதும் இடர்களும் பெருகின. வெவ்வேறு வட்டார வழக்குப் பேசிய ஆசிரியைகள் எந்த வழக்கில் எழுதக் கற்பிப்பது? 1968-இல் அரன்ச்சாசுவில் கூடிய பாசுக்கு மொழிக் கழகம் பொது எழுத்து வழக்கிற்கு அடிகோலிற்று. அறிவியல் பாடத்திற்குச் சொல் எங்கே? 1972-இல் 'எலூயார்' என்னும் குழுவும், 1977-இல் 'உசேய்' என்னும் கலைச்சொல் அமைப்பும் தோன்றி அத்தேவையை எதிர்கொண்டன. கலைச்சொல் முழுதும் வந்தபின் பள்ளி தொடங்குவோம் என்று அவ்வாசிரியைகள் காத்திருக்கவில்லை. பள்ளி இருந்ததால்தான் சொல்லின் தேவை உறைத்தது!

மூன்றாவது இடர் ஆசிரியைகள் தலைமேலேயே விழுந்தது. 1970-இல் எசுப்பானிய அரசு பொதுக்கல்விச் சட்டம் இயற்றிற்று. ஒப்புதல் பெற வேண்டுமெனில் பட்டயம் பெற்ற ஆசிரியர் வேண்டும் என்னும் நெருக்கடி எழுந்தது. ஆண்டுக்கணக்காகக் கற்பித்தவர்களே கற்கச் செல்லும் நிலை வந்தது. பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகவும், எஞ்சிய பொழுதில் மாணவியாகவும் இருந்து தகுதித்தாள் பெற்றோர் பலர். அத்தாள் அவர்களை ஆசிரியர் ஆக்கவில்லை. அவர்கள் ஆசிரியராக இருந்ததை அரசு ஒத்துக்கொண்டதற்கு அடையாளமே அது.

1975-இல் பிராங்கோ மறைந்தார். 1979-இல் தன்னாட்சிச் சட்டம் வந்தது. எயுசுக்கரா எசுப்பானியத்தோடு ஆட்சிமொழியாயிற்று. இப்பொழுது இடர் தலைகீழாய்த் திரும்பியது. பொதுப்பள்ளிகளில் பட்டயம் பெற்ற ஆசிரியர் நிறைந்திருந்தனர். ஆயின் அவர்களுட் பாசுக்கு மொழியிற் கற்பிக்க வல்லவர் மிகச் சிலரே. முன்பு மொழி இருந்தது, பட்டயம் இல்லை. பின்பு பட்டயம் இருந்தது, மொழி இல்லை! பாசுக்கு அரசு என் செய்தது? 'இராலே' என்னும் திட்டம் வகுத்தது. பணியிலுள்ள ஆசிரியரை வகுப்பினின்று விடுவித்து, ஊதியமும் தந்து, மொழி கற்க அனுப்பியது. தாய்மொழிக் கல்வி என்று மேடையில் முழங்குவது வேறு. அதற்கென ஆசிரியர்க்கு ஊதியத்தோடு காலம் தருவது வேறு.

சிப்பிட்ரியா அம்மையார் 1982-இல் மறைந்தார். அவ்வாண்டில்தான் எயுசுக்கராவின் பயன்பாட்டை நிலைநாட்டும் சட்டமும் பாசுக்கு மன்றத்தில் நிறைவேறியது. வீட்டிற்குள் ஒளிந்திருந்த பள்ளியின் மொழி சட்டத்தின் மொழியாயிற்று. இன்று இக்காசுத்தோலாக்கள் நூற்றுக்கு மேற்பட்டு விளங்குகின்றன.

அன்பர்களே! இவ்வரலாற்றைக் கேட்டு மகிழ்ந்து கலைவதாற் பயனில்லை. மொழிப்பற்று இருந்தாற் போதும், யாரும் கற்பிக்கலாம் என்று எண்ணுவோர்க்கு அவ்வம்மையார் வாழ்வு மறுப்பாகும். அவர் பயிற்சி பெற்றவர், தம்மிடம் வந்தோர்க்கும் பயிற்சி தந்தவர். பட்டயம் இருந்தாற் போதும் என்போர்க்கும் அவ்வரலாறு மறுப்பாகும். மொழியறியாப் பட்டயத்தால் பாசுக்குப் பள்ளி ஒன்றுகூட எழவில்லை. பற்றும் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடும்போதே பள்ளி பிறக்கின்றது.

தமிழ்வழித் தொடக்கப்பள்ளிக்கு முனைவோர் செங்கல்லை எண்ணுமுன் ஆசிரியரை எண்ணுக! நல்லாசிரியர் ஒருவர் அருகே, பயில விரும்பும் இளைஞர் இருவரை இருத்துக! அவர் ஊதியத்திற்கு வழி காண்க! பள்ளிக்கு விடும் பிள்ளையோடு வீட்டிலும் தமிழே பேசுக! கட்டடம் பின்னர் வரும். ஒப்புதலும் பின்னர் வரும். ஆசிரியர் இல்லையேல், இவை இரண்டும் இருந்தும் என்ன பயன்?