சுழியோடியின் பட்டியில் ஒரு கண்



சப்பாத்திலே கயிறு நுழையும் துவாரத்தைச் சுற்றிச் சிறியதோர் உலோக வளையம் இருப்பதை நீங்கள் எல்லீரும் கண்டிருப்பீர்கள். பாய்ச்சீலையின் ஓரத்திலும், லொறியை மூடும் தறப்பாளின் ஓரத்திலும் அதனையே சற்றுப் பெரிய உருவிற் காணலாம். ஐலெற் என்றும் குரொமெற் என்றும் கடைகளில் வழங்கும் இப்பொருளை எங்கள் பக்கத்தில் 'கண்' என்றே சொல்வர். அற்பமான பொருள்தான். இதனைப் பற்றிப் பேசுவதற்கு வானொலி நிலையம் வரை ஒருவர் வரவேண்டுமோ என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும், ஓர் இளைஞனின் உயிர் இத்தகைய கண்ணொன்றிலே தொங்கியதை நான் அறிவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மன்னார்ப் பகுதியிலே கரையோரப் பாடசாலையொன்றின் அதிபராக நான் கடமையாற்றிய காலம். ஒரு சனிக்கிழமை காலை, என்னிடம் முன்பு படித்த மாணவன் ஒருவன் வந்து நின்றான். கடலட்டை எடுக்கச் சுழியோடுவது அவன் தொழில். "சேர், பள்ளிக்கூடத்திலை கண் அடிக்கிற சாமான் இருக்குதெல்லோ? ஒருக்கால் தருவீங்களோ?" என்று கேட்டான். விளையாட்டுப் போட்டிக்குரிய கொடிகளுக்கும் கூடாரச் சீலைக்கும் கண் அடிப்பதற்காக அக்கருவி எங்களிடம் இருந்தது. எதற்கு என்று கேட்டேன். அவன் சொன்ன கதையைக் கேட்டபின் நானே பண்டகசாலையைத் திறந்து அவனோடு உள்ளே சென்றேன்.

சுழியோடியின் முதுகிலே காற்றுச் சிலிண்டரைப் பிணிக்கும் பட்டி தேய்ந்துபோக, அவன் கடைத்தெருவிற் புதுப்பட்டி வாங்கி, அதில் இரண்டு கண்களும் அடிப்பித்து, அவற்றினூடே கயிறு கோத்துச் சிலிண்டரைக் கட்டியிருக்கிறான். பொன்போல் மின்னிய கண்கள். பித்தளை என்று நம்பினான். சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் எட்டுப் பாகம் ஆழத்திலே, ஏறத்தாழ 15 மீற்றர், ஒரு கண் இற்று விழுந்தது. சிலிண்டர் சரிந்தது; அதன் பாரம் வாயிலிருந்த காற்றுக்குழாயையும் பிடுங்கிற்று. அவன் சிலிண்டரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை விட்டபடியே மேலே வந்தான். மூச்சை விட்டது மிக முக்கியம். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் நீரின் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. ஆழத்திற் சுவாசித்த காற்று மேலே வரவர விரிகிறது. அந்தக் காற்றை நெஞ்சிலே அடக்கி வைத்திருப்பவனுடைய சுவாசப்பை கிழிந்துவிடும். மூத்த சுழியோடிகள் சொல்லிக் கொடுத்த அந்தப் பாடமே அவனைக் காத்தது. நாங்கள் அவனுக்குப் பத்து ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தவற்றில் அது இருக்கவில்லை.

மன்னார்க் கடலுக்குச் சுழியோட்டம் புதிதன்று. முத்துக்குளிப்போர் ஒரு கல்லின் கயிற்றிலே காலை வைத்து, மூச்சடக்கிக் கீழே சென்றனர். அவர்களுக்குக் கல்லும் கயிறும் கூடையுமே கருவிகள். பட்டியும் பூட்டும் காற்றைச் சுமந்து செல்லத் தொடங்கியபோதே வந்தன. 1837 இல் சீபே என்பார் இங்கிலாந்திற் செப்பமாக்கிய தலைக்கவச உடையிலே, இறப்பர்க் கழுத்துப் பட்டியில் வட்டமாகத் துவாரங்கள் இருக்கும். அவற்றை மார்புக் கவசத்தின் திருகாணிகளில் மாட்டி, மேலே பித்தளைத் தகடு வைத்து இறுக்குவர். இறப்பர் கிழியாமலும் நீர் புகாமலும் காத்தது அந்தத் தகட்டின் இறுக்கமே. 1943 இல் குஸ்தோவும் கனியானும் பிரான்சிலே தன்னியக்கச் சுவாசக் கருவியை ஆக்கிய பின்னர் மனிதன் மீனைப்போல் நீந்தத் தொடங்கினான். அத்தகைய கருவியோடு கடலினுள் இறங்கியே 1956 இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலையின் அடியிலே பழைய கோணேசர் ஆலயத்தின் தூண்களைக் கண்டனர்.

நிற்க. கண் என்பது என்ன வேலை செய்கிறது? நெய்த சீலையிலோ பட்டியிலோ ஒரு துவாரம் போட்டால் அங்கே இழைகள் அறுபடுகின்றன. கயிறு அத்துவாரத்தின் விளிம்பை இழுக்கும்போது, இழைகள் ஒவ்வொன்றாக விலகிப் பிரிந்துவிடும். கண்ணுக்கு இரண்டு பகுதிகள் உண்டு: குட்டையான குழலோடு கூடிய வளையம் ஒன்று, தட்டையான வளையம் மற்றொன்று. சீலையை இரண்டுக்கும் நடுவே வைத்துக் குழலின் வாயை அடித்து விரித்தால், அது வெளிப்புறமாகச் சுருண்டு தட்டை வளையத்தைக் கவ்வும். அப்போது துவாரத்தைச் சுற்றியுள்ள இழைகள் யாவும் ஒருங்கே நெரிபட்டு நிற்கும். பாரம் விளிம்பின் மேல் மாத்திரம் விழாது. ஆதலால் துவாரம் குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருத்தல் வேண்டும். பெரிதாக வெட்டிவிட்டு வளையத்தால் மறைப்பவர்கள் உண்டு. கண்ணுக்கு அழகாக இருக்கும். ஒரு நாள் முழு வளையமும் கழன்று கையில் வரும்.

நைலோன் பட்டியாயின், துவாரத்தின் விளிம்பைச் சூடாக்கிய கம்பியாற் சற்றே உருக்கிவிட்டால் இழை பிரியாது. மெல்லிய சீலையாயின் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்த பின்னரே கண் அடிக்கவேண்டும்.

இனி உலோகத்துக்கு வருவோம். நான் கலைப்பட்டதாரி, இரசாயனம் என் துறையன்று. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் கண்ணாடிக் குவளைகளிற் கடல்நீர் நிரப்பி, வெவ்வேறு கண்களை இட்டு மாணவருக்குக் காட்டினார். பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்புக் கண்ணை ஆணியாற் சிறிது கீறிப் போட்டார். சில நாள்களிலே நீர் செம்மண் நிறமாயிற்று. அலுமினியக் கண்ணைக் கறையில் உருக்குத் திருகாணி ஒன்றிற் செருகி வைத்த குவளையில், நாளடைவில் அலுமினியத்தின் மேல் வெண்பொடி படர்ந்தது. வெவ்வேறு இன உலோகங்கள் இரண்டு உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு சிறு மின்கலம் உண்டாகி, இரண்டில் இளைத்தது கரையும் என்று அவர் விளக்கினார். இதனாலே, உருக்குப் பூட்டுள்ள இடத்தில் அலுமினியக் கண் ஆகாது. கடலுக்குத் திண்மையான பித்தளையோ, நல்ல இனக் கறையில் உருக்கோ வேண்டும். வாங்கும் கடையிலேயே சோதிக்க ஒரு சிறு காந்தம் போதும்: கண் காந்தத்திற் பற்றென ஒட்டினால் அது பூச்சுப் பூசிய இரும்பு. அன்று அந்தப் பையனுடைய மற்றக் கண்ணை எங்கள் ஆய்வுகூடக் காந்தத்தின் அருகே கொண்டுசென்றோம். அது துள்ளிப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. அவன் ஒன்றும் பேசவில்லை.

அவனுடைய புதுப் பட்டிக்கு நாங்கள் கண் அடித்துக் கொடுத்தோமா? இல்லை. விஞ்ஞான ஆசிரியர் தடுத்தார். 5 சென்ரிமீற்றர் அகலப் பட்டியில் 1 சென்ரிமீற்றர்த் துவாரம் போட்டால் இழைகளில் ஐந்தில் ஒரு பங்கு அறுந்துவிடும். நீருக்குள்ளே சிலிண்டரின் பாரம் பெரிதாகத் தெரியாது. வள்ளத்தில் ஏறும்போதோ 16, 17 கிலோகிராம் பாரம் முழுவதும் பட்டியை இழுக்கும். இத்துணைப் பாரம் தாங்கும் பட்டியை வளைத்து, பூட்டினூடே செலுத்தி, சதுரமாகவும் குறுக்காகவும் தைப்பதே முறை. அதனை எங்கள் ஊர்ச் சப்பாத்துத் தைப்பவர் நைலோன் நூலால் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கண்ணுக்கு வேறு இடங்கள் உண்டு. கருவிகளை வைக்கும் பையின் அடியில் இரண்டு கண்கள் இல்லாவிடில், மேலே வரும்போது பை நிறையக் கடல்நீரும் கூடவே வரும். 2 லீற்றர் நீர் என்றால் 2 கிலோகிராம் வீண்பாரம். வெளிச்சத்தையும் கத்தியையும் கயிறிட்டுக் கட்டவும் கண் உதவும். ஆயின் சுழியோடியை மிதக்கவைக்கும் காற்றுப்பை உள்ள சட்டையில் எவரும் தாமாகத் துவாரம் போடுதல் கூடாது. வெளிச்சீலைக்குப் பின்னே காற்றுப்பை எவ்விடத்தில் இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. நுரை இறப்பர் உடையும் அப்படியே; வளையம் அதனை நெரித்துக் கிழிக்கும்.

ஆகவே அன்று நாங்கள் அடித்தவை நான்கு கண்கள்: பையின் அடியில் இரண்டு, கத்திக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. நான்கும் திண்மையான பித்தளை. ஒவ்வொன்றையும் காந்தத்தின் அருகே பிடித்துப் பார்த்த பின்னரே அவன் சுத்தியலை எடுத்தான். நாள்தோறும் நன்னீரிற் கழுவும்படியும், மாதம் ஒரு முறை பட்டியின் தையலைக் கையால் இழுத்துப் பார்க்கும்படியும் சொல்லி அனுப்பினோம். சென்ற ஆண்டு அவனைத் தற்செயலாகச் சந்தித்தபோது, கழுத்துச் சங்கிலியிலே ஒரு சிறு காந்தம் தொங்கக் கண்டேன். அவனோடு கடலுக்குப் போகும் இளைஞர்கள் புதிதாக எதை வாங்கினாலும் முதலில் அவனிடமே கொண்டுவருகிறார்களாம்.